நான் பாடி வந்த தாலாட்டு

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிசம்பர் மாதத்தில், சிங்கப்பூருக்கு இக்கரையில், மாசாயில், ஒரு அடுக்குமாடி பிளாட்டின் கீழ்த்தளத்தில் நடந்தது இது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்.

எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கத் தமிழர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் குழுவாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பாடுவோம். கேரல் என்று சொல்வோம். ஒரு கித்தார், ஒரு தபேலா, ஜால்ரா, சிவப்பு உடுப்புப் போட்ட ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. ஒரு சின்னக் கூடையில் வைக்கோல் பரப்பி, அதில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை வைத்து எடுத்துப் போவோம். கூடையை வீட்டு மேசையில் வைத்ததும் ஆட்டம் பாட்டமெல்லாம் நின்றுவிடும். ஒரே ஒரு குரல் தாலாட்டுப் பாடும். அந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுரூபத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் திரும்பிப் போகிறவர்கள் குறைவு. மற்றப் பாட்டெல்லாம் எல்லாரும் சேர்ந்து பாடுவது. தாலாட்டு மட்டும் ஒருத்தருக்குத்தான்.

அந்த ஒருத்தராக நான் பல வருஷம் இருந்தேன்.

சிகாமட்டிலிருந்து கல்யாணமாகி மாசாய்க்கு வந்த புதிதில் எனக்கு இங்கே ஒருத்தரையும் தெரியாது. பாடகர் குழுவை நடத்துகிற அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். தாலாட்டு அவரே எழுதி மெட்டுப் போட்டது. அதை முதன்முதலில் பாடினது நான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் சாமான்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. அங்கே நான் ஒரு நீலச் சட்டை, ஒரு எண், அவ்வளவுதான். டிசம்பர் வந்தால் மட்டும் எங்கள் தாமான் குடியிருப்பில் நடந்து போகும்போது யாராவது நிறுத்தி, இந்த வருஷமும் நீங்கதானே தாலாட்டு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன் என்றால் மிகையில்லை.

பிறகு என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. என் ஓரகத்தி இந்துக் குடும்பத்துப் பெண். காதல் கல்யாணம். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு எங்கள் கோயிலில்தான் தாலி கட்டிக்கொண்டாள். அவளுடைய அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டதால், அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டிய ஒரே ஆள் அவர்தான். மகள் மதம் மாறினதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று சொன்னார்கள். மகளோடு பேச்சே இல்லை. அவரும் மாசாயிலேயேதான் இருந்தார். சந்தையில் எதிரே வந்தால் வேறு வரிசைக்குத் திரும்பிவிடுவாராம்.

அவள் நல்ல பிள்ளை. அதுதான் என் கஷ்டமே. அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வாய் நிறைய அக்கா, அக்கா என்பாள். ஜெபம் எப்படிச் சொல்வது, எப்போது முழங்கால் போடுவது என்று என்னிடம்தான் கேட்பாள். நானும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். குழுவில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

முதல் வருஷம் பின்வரிசையில் நின்று வாயசைத்தாள். சின்ன வயதில் இந்துக் கோயில் சமய வகுப்பில் பாட்டுப் படித்தவள் என்று யாருக்கும் தெரியாது. மறுவருஷம் ஒரு நாள் பயிற்சிக்கு நான் வேலை முடிந்து பிந்திப் போனேன். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தாலாட்டுக் கேட்டது. யாரோ ஒலிநாடாப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அவள். அண்ணன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் ஒரே மூச்சில் கடந்துபோகிற ஓரிடத்தில் அவள் கொஞ்சம் நின்று, குரலை மெல்ல இறக்கி, மறுபடி ஏற்றினாள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் தாய் மாதிரி இருந்தது. பல வருஷம் நான் பாடின பாட்டில் அப்படி ஓர் இடம் இருந்தது எனக்கே தெரியாது.

அண்ணன் என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். பிறகு பக்குவமாகச் சொன்னார். "இந்த வருஷம் தாலாட்டு தங்கச்சி பாடட்டும்மா. நீங்க ரெண்டாவது குரல் குடுங்க. நீங்க குடுத்தாத்தான் அது நிக்கும்."

நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் ஓடி வந்து, "அக்கா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்த இறக்கத்தைப் பாடிப் பார்த்தேன். எத்தனை தடவை பாடினாலும் படிக்கட்டில் கால் தவறினது போலத்தான் வந்தது.

அந்த வருஷக் கேரல் எனக்கு ஒரு தண்டனை. போகிற வீடெல்லாம் இந்தப் பிள்ளை யாரு, எங்கே படிச்சது என்று கேட்டார்கள். முன்பெல்லாம் எனக்கென்று முறுக்கு எடுத்து வைக்கிற ஒரு வீட்டில் அந்தத் தட்டு நேராக அவளிடம் போனது. என் கணவரே அவள் பாடுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்து குடும்பக் குழுவில் அனுப்பினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வருகிறவர். பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது அதைத்தான் கேட்கிறாராம். கேட்டால் கால் வலியே தெரிவதில்லை என்று என்னிடமே சொன்னார். பாவம், அவர் கள்ளம் கபடம் இல்லாமல்தான் சொன்னார். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, அப்படியா என்றேன். என் பாட்டை அவர் ஒரு தடவைகூடப் பதிவுசெய்ததில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவளுடைய அப்பா கதையிலும் எனக்குப் பொறாமை இருந்தது. அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பாவம் அந்தப் பிள்ளை என்று எல்லாரும் உருகுவார்கள். குரலும் அவளுக்கே, அனுதாபமும் அவளுக்கே என்று தோன்றும். தோன்றின அடுத்த நிமிஷம் எனக்கே வெட்கமாக இருக்கும்.

அடுத்த வருஷம் வந்தது. அதுதான் நான் சொல்லவந்த வருஷம்.

ஒரு குடும்பம் புதிதாக ஒரு பிளாட்டுக்குக் குடிவந்திருந்தது. எங்கள் வீட்டுக்கும் கேரல் வரணும் என்று கேட்டிருந்தார்கள். காரில் ஏறும்போதுதான் இடம் எது என்று தெரிந்தது. அவள் அப்பா குடியிருக்கும் அதே பிளாட். அவள் முகம் மாறினதைப் பார்த்தேன். நீ வீட்டிலேயே இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அக்கறையில் பாதி, ஆசையில் பாதி. அவள் வராவிட்டால் தாலாட்டு யாருக்கு என்று என் மனது கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் அவள், இந்த நேரத்தில் அப்பா வேலைக்குப் போயிருப்பார் என்றாள். அவர் ஒரு தொழிற்சாலையில் காவலாளி.

அந்தப் பிளாட் நான்கு பக்கமும் வீடுகள் சூழ்ந்தது. நடுவில் காற்றுக்காகத் திறந்தவெளி. ஒவ்வொரு மாடியிலும் கம்பி போட்ட நடைபாதை உள்பக்கம் பார்த்திருக்கும். எங்களைக் கூப்பிட்டவர்களின் வீடு சின்னது. நாங்கள் எல்லாரும் உள்ளே போனால் மூச்சுவிட இடமிருக்காது. அதனால் கீழ்த்தளத்தில், கல்யாணம், மலாய்க்காரர்களின் கெண்டுரி விருந்தெல்லாம் நடக்கும் பொது இடத்தில் ஒரு மேசை போட்டு விரிப்பு விரித்திருந்தார்கள். கூடையை அதில் வைத்தோம். முதல் பாட்டைப் பாடும்போதே மேலே ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் வந்து கம்பியில் சாய்ந்து நின்றார்கள். மலாய்க்காரக் குடும்பங்கள், நம் ஆட்கள், துணி காயப்போட வந்தவர்கள், எல்லாரும். கோயிலுக்குள் பாடும்போது யார் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். இங்கே தெரியாது. அந்தச் சுவர்களுக்கு நடுவே குரல் கிணற்றில் பேசினது போல எழும்பி மேலே போனது.

மோட்டார்கள் நிறுத்துமிடத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்று, உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் பை கட்டி நின்றது. "அக்கா, அப்பா மோட்டார்," என்றாள் மெதுவாக. அதற்குள் அண்ணன் தாலாட்டுக்குக் கித்தாரை மீட்ட ஆரம்பித்துவிட்டார்.

அவள் பாடினாள். முதல் அடி எப்போதும்போல். மாடிகளில் இருந்த பேச்செல்லாம் அடங்கிப்போனது. இரண்டாவது அடியில் மூன்றாவது மாடிக் கதவு ஒன்று திறந்தது. தோளில் துண்டோடு ஒருவர் வெளியே வந்து கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தார். நான் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அவள் பார்த்த பார்வையிலேயே யார் என்று தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். முதலில் இரும்புக் கிராதி, அப்புறம் மரக்கதவு. அந்த அமைதியில் இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது.

அவள் குரல் நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, பாட்டு வரவில்லை. என் கொழுந்தன் அவளைத் தோளில் பிடித்து ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அண்ணன் கித்தாரை நிறுத்தாமல் மீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் பாடினது மாதிரி அதற்கு முன்னும் பாடினதில்லை, பின்னும் பாடினதில்லை. இது தற்பெருமை இல்லை. அந்த இடமும் மழையும் எனக்குத் துணை நின்றன. குரல் தானாக ஏறியது. குளியலறையில் எத்தனையோ நாள் வராத அந்த இறக்கம்கூட ஏறக்குறைய வந்துவிட்டது. மேலே அத்தனை முகங்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. தூணுக்குப் பின்னால் ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் என் பாட்டு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம்தான் எனக்குள் பொங்கியது.

பாதிப் பாட்டில் மூன்றாவது மாடிக் கதவு மறுபடியும் திறந்தது. அவர் வெளியே வந்தார். இந்தத் தடவை கம்பியருகே நிற்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் நடந்தார். என் குரலுக்குத்தான் அவர் இறங்கி வருகிறார் என்று நான் நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். மகள் பாடி மூடின கதவை நான் பாடித் திறந்துவிட்டேன் என்று.

நான் பாடி முடிக்கும்போது அவர் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றிருந்தார். வீட்டுக்காரர்கள் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"மொதல்ல பாடுன பிள்ள ஏன் நிப்பாட்டிருச்சு?" என்று கேட்டார்.

யாரோ ஊர் பேர் தெரியாத பிள்ளையைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. முறைப்படி எனக்கும் அவர் அப்பாதான். வாயில் வந்தது அங்கிள் என்பதுதான். அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அங்கிள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி மறுபடி மாடி ஏறினார். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். தபேலாக்காரர் உறையைப் போட ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரர்கள் கறிபாப் பலகாரமும் சிராப் சர்பத்தும் எடுத்துவந்தார்கள்.

அப்போது அவர் இறங்கி வந்தார். கையில் ஒரு கோப்பை. ஆவி பறந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

"அதுகிட்ட குடும்மா. மெதுவாக் குடிக்கச் சொல்லு. குடிச்சிட்டு முழுசாப் பாடட்டும்."

தூண் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அவரே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நான்தான் கொண்டுபோனேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, கோப்பையையும் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் தெரிந்த அவரையே பார்த்துக்கொண்டு குடித்தாள். குடித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மேசை பக்கத்தில் நின்றாள். அண்ணன் ஒன்றும் கேட்காமல் கித்தாரை எடுத்தார். உறையைப் போட்டவர் அதைக் கழற்றினார்.

நான் இப்போதுதான் பாடி முடித்த அதே தாலாட்டை அவள் முதலிலிருந்து பாடினாள்.

குரல் உடைந்திருந்தது. இரண்டு இடத்தில் சுருதி விலகிப்போனது. நான் பாடினதில் அந்தக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் மாடியில் நின்ற ஒருவரும் அசையவில்லை. கையில் காலிக் கோப்பையை வைத்துக்கொண்டு நான் ரெண்டாவது குரல் கொடுத்தேன். அவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தலை குனிந்து கேட்டார். அந்த இறக்கம் வரும்போது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் என்னிடமிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டார். மழையில் நனையாமல் போங்கம்மா என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படி ஏறிப் போய்விட்டார். மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

திரும்பி வரும்போது காரில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், "அக்கா, சுடுதண்ணில சீனி போட்டிருந்தாரு," என்றாள். எதற்கு என்று கேட்டேன். சின்ன வயதில் பாடும்போது வெறும் சுடுதண்ணீர் குடிக்கமாட்டாளாம். அதனால் அப்பா சீனி கலந்து தருவாராம். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நான் பாடினதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் சொல்லவில்லை, என் கணவரும் சொல்லவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. அப்படி ஒன்று நடந்த இடத்தில் என் பாட்டை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆனால் எனக்கு வலித்தது. மறுநாள் சிகாமட்டில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் பண்ணினேன். அதையும் இதையும் பேசிவிட்டு, நான் சின்ன வயதில் பாடுவேனே, ஞாபகம் இருக்காப்பா என்று கேட்டேன். "ம், நல்லாத்தான் பாடுவ," என்றார். அடுத்த மூச்சில் ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, அங்கே மழை எப்படி என்றார். என் அப்பா அன்பான மனிதர். எனக்காக எவ்வளவோ பாடுபட்டவர். இங்கே தூறல்தான்பா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவளுடைய அப்பா வரவில்லை. பொங்கலன்று காலையில் அவளுக்குப் போன் வந்தது. அடுப்பில் பால் பொங்கிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். சில வாரம் கழித்து அவளும் கொழுந்தனும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். போன டிசம்பரில் அண்ணனிடம் அவரே ஆள்விட்டுக் கேட்டிருக்கிறார், கேரல் என் வீட்டுக்கும் வருமா என்று. போனோம். முருகன் படத்துக்கும் அம்மன் படத்துக்கும் முன்னால், விளக்கு எரிகிற அந்தச் சின்னக் கூடத்தில், துவைத்த வேட்டி விரித்த முக்காலியில் எங்கள் கூடையை வைக்கச் சொன்னார். அவர் மதம் மாறவில்லை, மகளும் திரும்ப மாறவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. அவள் பாடினாள். நான் பக்கத்தில் நின்று ரெண்டாவது குரல் கொடுத்தேன்.

என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் அவள் அந்த இறக்கத்துக்கு வரும்போது என் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைக்கும். ஆனால் அவள் குரலுக்காக அது தைப்பதில்லை. ஒரு குரல் பாதியில் நின்றதும் பொறுக்கமாட்டாமல், சாத்தின கதவைத் திறந்துகொண்டு மூன்று மாடி இறங்கிவந்து ஏன் நின்றது என்று கேட்கிற ஒரு மனுஷர் வாய்ப்பதுதான் பெரிய கொடுப்பினை என்று அந்தச் சாயங்காலம் எனக்குக் காட்டிவிட்டது. அப்படி ஒருவர் எனக்கும் எங்கேயாவது இருப்பாரா என்று தெரியாமலே நான் ஒவ்வொரு டிசம்பரும் பாடிக்கொண்டிருக்கிறேன்.